தெற்கு ஆப்பிரிக்க மக்கள் வரைபடத் தொகுப்பு: வாங்கலாம், மூன்றாம் தாளை மட்டும் மாற்றிவிடுங்கள்

டெல்லி தர்யாகஞ்ச், அன்சாரி ரோடு பதிப்பகங்களில் ஒன்று இதை விற்கிறது. விலை 1,450 ரூபாய். பச்சைக் குழாய்க்குள் சுருட்டிய ஓர் அடித்தாள், அதன்மேல் போட்டுப் பார்க்க நான்கு கண்ணாடித் தாள்கள் (ஓ.எச்.பி. ஷீட் மாதிரி, ஆனால் கனமானவை), 48 பக்கக் கையேடு, மேலே மாட்ட ஒரு பிளாஸ்டிக் கட்டை. கையேடு இந்தியிலும் ஆங்கிலத்திலும்தான் இருக்கிறது, தமிழில் இல்லை. கரோல் பாக், ஓல்டு ராஜிந்தர் நகர்ப் பக்கம் அறை எடுத்து சிவில் சர்வீஸ் படிக்கும் நம் பிள்ளைகளில் மானுடவியலோ வரலாறோ விருப்பப் பாடமாக எடுத்தவர்கள் இதை வாங்குகிறார்கள். டெல்லித் தமிழ்ப் பள்ளி ஆசிரியர்கள் சிலரும் வாங்கலாமா என்று யோசிக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இந்த மதிப்புரை.

ஆப்பிரிக்காவின் தென்பகுதி மக்கள் யார், எங்கிருந்து, எப்போது வந்தார்கள் என்பது வெறும் பரீட்சைக் கேள்வி இல்லை. "நாங்கள் வந்தபோது நிலம் காலியாகக் கிடந்தது" என்ற ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு அங்கே லட்சக்கணக்கானவர்களின் நிலத்தைப் பிடுங்கியிருக்கிறார்கள். எனவே இந்தத் தலைப்பில் வரைபடம் போடுகிறவர் ஓர் அம்புக்குறியை எங்கே வைக்கிறார், அதன் பக்கத்தில் எந்த ஆண்டைப் போடுகிறார் என்பதை அளவுகோல் வைத்தே பார்க்க வேண்டும்.

முதலில் அடித்தாள். தொகுப்பிலேயே சிறந்தது இதுதான். 70 × 50 செ.மீ. அளவு, 1:50,00,000 அளவுகோல். தாளில் 1 செ.மீ. என்றால் தரையில் 50 கி.மீ. நாட்டு எல்லைகளை மெல்லிய சாம்பல் கோட்டில் அடக்கிவிட்டு மழையை முன்னுக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். கோடை மழை பெய்யும் கிழக்குப் பகுதி பச்சை, குளிர்கால மழை பெய்யும் தென்மேற்கு மூலை நீலம், நடுவிலும் மேற்கிலும் வறண்ட நிலம் மஞ்சள். அங்கே கோடை என்பது நவம்பர் முதல் மார்ச் வரை.

இந்த மூன்று நிறங்களைப் புரிந்துகொண்டால் பாதி வரலாறு புரிந்துவிடும். வடக்கிலிருந்து பரவிய விவசாயிகள் பயிரிட்டது சோளம், கம்பு, கேழ்வரகு. மூன்றும் ஆப்பிரிக்காவில் பிறந்து நம் ஊருக்கு வந்த தானியங்கள்தான். வெயிலும் மழையும் சேர்ந்து வந்தால்தான் இவை விளையும் என்பதை நம்மூர் மானாவாரிக்காரருக்கு விளக்க வேண்டியதில்லை. கேப் டவுன் பக்கம் மழை மே முதல் ஆகஸ்ட் வரை, குளிரில் பெய்கிறது. கம்பு அங்கே தேறாது. அதனால் விவசாயம் தெற்கே இறங்கி, கெய் ஆறு, கிரேட் ஃபிஷ் ஆறு பக்கத்தோடு நின்றுவிட்டது. அதற்கு மேற்கே ஆடுமாடு மேய்த்த கோய்கோய் மக்களும், வேட்டையாடிக் கிழங்கு, பழம் சேகரித்து வாழ்ந்த சான் மக்களும் இருந்தார்கள். 1652-இல் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி வந்து இறங்கியது சரியாக இந்த நீல மூலையில். குளிர்கால மழை கோதுமைக்கும் திராட்சைக்கும் ஏற்றது. டச்சுக்காரர் முதலில் சந்தித்தவர்கள் கோய்கோய் மேய்ப்பர்கள், விவசாயிகள் அல்ல. இந்த ஒரு மூலையின் நிலையை நாடு முழுவதற்கும் இழுத்து நீட்டியதுதான் பின்னாளில் "காலி நிலம்" என்ற கதையாயிற்று. கையேடு இதை ஒரு வரியில்கூடச் சொல்லவில்லை. அடித்தாளோ அதைக் கண்முன் காட்டிவிடுகிறது. தாளைப் போட்டவர் விஷயம் தெரிந்தவர்.

முதல் கண்ணாடித் தாள் மொழிகள். பாண்டு மொழிகளின் பரப்பை உட்பிரிவுகளோடு காட்டியிருப்பது நன்றாக இருக்கிறது. ஓரத்தில் ஒரு சிறு கட்டத்தில் "ஆள்" என்ற சொல்லைக் கொடுத்திருக்கிறார்கள்: ஜூலுவில் ஒருவர் உமுண்டு, பலர் அபண்டு. சோத்தோவில் மொத்து, பத்து. ஷோனாவில் முன்ஹு, வன்ஹு. சொல்லின் முன்னொட்டு மாறினால் ஒருமை பன்மையாகிறது, வேர் அப்படியே நிற்கிறது. கேமரூனிலிருந்து டர்பன் வரை சுமார் 500 மொழிகள் ஒரே குடும்பம் என்று எப்படிச் சொல்கிறார்கள் என்ற கேள்விக்கு இதைவிடச் சுருக்கமான பதில் இல்லை. 1862-இல் மொழியியலாளர் வில்ஹெல்ம் ப்ளீக் இந்தக் குடும்பத்துக்கு "பாண்டு" என்று பெயர் வைத்ததும் இந்தச் சொல்லிலிருந்துதான்.

இங்கே ஒரு எச்சரிக்கை. பாண்டு என்பது மொழிக் குடும்பத்தின் பெயர். மக்களைப் "பாண்டுக்கள்" என்று அழைப்பது நிறவெறி அரசின் அலுவலக வழக்கம், தென்னாப்பிரிக்காவில் இன்று அது அவமதிப்பு. கையேட்டில் இது ஏழு இடங்களில் வருகிறது. அடித்துவிட்டு "பாண்டு மொழி பேசியோர்" என்று எழுதிக்கொள்ளுங்கள், விடைத்தாளிலும் அப்படியே எழுதுங்கள்.

இந்தத் தாளின் பெரிய குறை, கோய்சான் என்று ஒரே காவி நிறத்தைப் பூசியிருப்பது. கோய்கோயையும் சானையும் சேர்த்து 1928-இல் லியோன்ஹார்ட் ஷுல்ட்ஸே உருவாக்கிய ஒட்டுச்சொல் அது. மொழியியலாளர்கள் இப்போது அங்கே குறைந்தது மூன்று தனித்தனிக் குடும்பங்களைப் பார்க்கிறார்கள். கோய்-குவாடி ஒன்று, தூ ஒன்று, ஜுவான்சி மொழியை உள்ளடக்கிய கா மூன்றாவது. மூன்றுக்கும் பொதுவானது நாக்கால் சொடுக்கும் ஒலிகள். ஒலி பொதுவாக இருப்பதால் குடும்பமும் ஒன்றே என்று ஆகிவிடாது. கோசாவும் ஜூலுவும் பாண்டு மொழிகள், அவற்றிலும் சொடுக்கொலிகள் உண்டு. பக்கத்தில் வாழ்ந்து, பெண் கொடுத்துப் பெண் எடுத்து வந்தவை அவை. கோசா எழுத்தில் c என்று வருவது, யாராவது கஷ்டத்தைச் சொன்னால் நாம் உச்சுக்கொட்டுவோமே, அதே ஒலி. x என்பது கன்னப்பக்கம் நாக்கை இழுத்து மாட்டை ஓட்டும் ஒலி. q என்பது அண்ணத்தில் நாக்கை ஒட்டிப் பட்டென்று எடுப்பது. நமக்கு இவை வெறும் சைகை ஒலிகள், அவர்களுக்கு மெய்யெழுத்துகள். ஓர் எல்லைக்கோட்டின் இருபுறமும் இரண்டு இனங்கள் முறைத்துக்கொண்டு நின்றதாக நினைப்பவர்கள் இந்த மூன்று எழுத்துகளுக்கு முதலில் பதில் சொல்ல வேண்டும்.

ஆறுகளின் பெயர்களும் அப்படியே. கோசா பேசும் பகுதியில் கெய்ஸ்கம்மா ஆறு இருக்கிறது, இன்னும் மேற்கே சிட்சிகம்மா. "கம்மா" என்பது கோய் மொழிகளில் தண்ணீர். இதைப் பார்த்ததும் மதுரை, சிவகங்கைப் பக்கத்து ஆட்கள் "அட, நம்ம கம்மாய்!" என்று துள்ளிவிடுவார்கள். பொறுக்க வேண்டும். கம்மாய் என்பது கண்மாய் மருவி வந்த சொல், மடையின் கண்ணைக் குறிக்கிறது. ஓர் ஒலி ஒத்துப்போவதை வைத்து உறவு கட்ட முடியாது. பல சொற்கள் இருக்க வேண்டும், ஒவ்வொன்றிலும் ஒலி ஒரே ஒழுங்கில் மாற வேண்டும். உமுண்டு, மொத்து, முன்ஹு மூன்றிலும் அந்த ஒழுங்கு இருக்கிறது. கம்மா–கம்மாயில் இல்லை.

இரண்டாம் தாள் தொல்லியல். புள்ளிகளும் ஆண்டுகளும். தேர்வு பரவாயில்லை. டர்பன் அருகே ம்சொன்ஜானி, வடக்கே சில்வர் லீவ்ஸ் ஆகிய இடங்களுக்கு கி.பி. 3 முதல் 5-ஆம் நூற்றாண்டு, லிடன்பர்க்கின் ஏழு சுடுமண் தலைகளுக்கு கி.பி. 500 சுமார் என்று சரியாகப் போட்டிருக்கிறார்கள். தெற்கு ஆப்பிரிக்காவில் இரும்பு உருக்கி, தானியம் விதைத்து, மாடு வளர்த்த மக்கள் டச்சுக்காரருக்கு ஆயிரம் ஆண்டுக்கு மேல் முன்பே இருந்தார்கள் என்பதற்கு இந்த மூன்று புள்ளிகளே போதும்.

ஆனால் தாளைக் கட்டையில் மாட்டும் துளைகள் சரியில்லை. அளந்ததில் இரண்டாம் தாள் அடித்தாளைவிட 6 மி.மீ. வடக்கே ஏறி நிற்கிறது, தரைக்கணக்கில் 30 கி.மீ. விளைவு, லிம்போபோ ஆற்றுக்குத் தென்கரையில் ஷாஷே ஆறு வந்து கூடுமிடத்தருகே இருக்க வேண்டிய மபுங்குப்வே மலை (ஒரு பழைய அரசின் தலைநகர்) ஆற்றைத் தாண்டி ஜிம்பாப்வே நாட்டுக்குள் போய் உட்கார்ந்துவிடுகிறது. இதைச் சரிசெய்வது எளிது. துளைகளை மறந்துவிட்டு, கண்ணாடித் தாளில் அச்சிட்ட கரையோரக் கோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அகுல்ஹாஸ் முனையை முனையோடும், ஜாம்பேசி முகத்துவாரத்தை முகத்துவாரத்தோடும் பொருத்தி, இரண்டு பைண்டர் கிளிப்பால் கவ்வி, அதன்பின் புதிதாகத் துளை போடுங்கள். ஒரு புள்ளியை மட்டும் பொருத்தினால் தாள் சுழன்றுவிடும், இரண்டும் வேண்டும். கே2 என்ற, அதற்கு முந்தைய தலைநகர் இருந்த இடமும் மபுங்குப்வேயும் ஒரே புள்ளியாக இருப்பதை அச்சுப் பிழை என்று எண்ண வேண்டாம். இரண்டுக்கும் இடையே சுமார் ஒரு கிலோமீட்டர்தான், இந்த அளவுகோலில் 0.2 மி.மீ.

கே2 சுமார் 1000 முதல் 1220 வரை, மபுங்குப்வே 1220 முதல் அந்த நூற்றாண்டின் இறுதி வரை. 1930-களில் மலையுச்சிக் கல்லறைகளில் கிடைத்த தங்கக் காண்டாமிருகம் கையேட்டின் அட்டையில் இருக்கிறது. அதைவிட நமக்கு நெருக்கமான பொருள் அங்கே கிடைத்த கண்ணாடி மணிகள். கே2 காலத்து இந்தோ-பசிபிக் மணிகளின் வேதிப்பகுப்பு தெற்காசியக் கண்ணாடியைக் காட்டுகிறது, அதாவது அலுமினா மிகுந்த சோடாக் கண்ணாடி. அதற்கு முந்தைய சிசோ வகை மணிகளோ பாரசீக வளைகுடாப் பக்கத்துத் தாவரச்சாம்பல் கண்ணாடி. மணி மாறியதால் வியாபாரப் பாதை மாறியது தெரிகிறது. தந்தமும் தங்கமும் கிழக்கே போயின, மணியும் துணியும் மேற்கே வந்தன. இதை வைத்து இந்தியர் அங்கே குடியேறி ராஜ்யம் கட்டினார்கள் என்று யாராவது சொன்னால், அரிக்கமேட்டில் ரோமானிய ஜாடி கிடைத்ததால் அரிக்கமேட்டைக் கட்டியது ரோமானியர் என்றும் சொல்ல வேண்டியிருக்கும்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் கையேட்டின் 21-ஆம் பக்கம். பெரிய ஜிம்பாப்வே கல்நகரத்தைப் பற்றி எழுதும்போது "இதைக் கட்டியவர் யார் என்பது இன்றும் மர்மம்" என்று போட்டிருக்கிறார்கள். ஃபினீசியர், அரேபியர், திராவிடர், உள்ளூர் மக்கள் என்று நான்கு "கருத்துகளை" வரிசையாக, சம எடையோடு கொடுத்திருக்கிறார்கள். இது தவறு. மர்மம் 1905-லேயே முடிந்துவிட்டது.

நடந்தது இதுதான். 1871-இல் அங்கே போன கார்ல் மவுச், ஒரு வாசல் உத்தரத்திலிருந்து மரச்சில்லை வெட்டி எடுத்தார். தன் பென்சில் மரத்தைப் போலவே மணமும் நிறமும் இருந்ததால் அது லெபனான் சிடார், எனவே கட்டியவள் ஷீபா ராணி என்று முடிவு கட்டினார். அது அந்த மண்ணிலேயே வளரும் தம்பூட்டி மரம். 1902 முதல் 1904 வரை அங்கே பொறுப்பில் இருந்த ரிச்சர்ட் ஹால், பிற்காலக் குப்பை என்று சொல்லிப் பல அடி மண்ணை வாரிக் கொட்டினார். கட்டியவர்களின் பானையும் சாம்பலும் இருந்தது அந்த மண்ணில்தான். இன்றைக்கும் அங்கே சில கேள்விகளுக்கு விடை கிடைக்காததற்கு அந்த மண்வெட்டியே பொறுப்பு. 1905-இல் டேவிட் ராண்டல்-மெக்ஐவர் தரைக்கு அடியில் கிடைத்த பொருள்களைப் பார்த்து, இது இடைக்கால ஆப்பிரிக்கர் கட்டியது என்றார். 1929-இல் கெர்ட்ரூட் கேட்டன்-தாம்சன் மறுபடி முறையாகத் தோண்டி அதையே உறுதி செய்தார். அதன்பின் நிலவியது அறிவுக் குழப்பமல்ல, அரசியல். கறுப்பர்கள் கல்லால் நகரம் கட்டினார்கள் என்று ஒப்புக்கொள்ள ரொடீசிய (இன்றைய ஜிம்பாப்வே) வெள்ளையர் அரசுக்கு மனமில்லை. உண்மையைச் சொன்ன தொல்லியலாளர் பீட்டர் கார்லேக் 1970-இல் நாட்டைவிட்டுப் போக நேர்ந்தது. 1980-இல் விடுதலை பெற்ற நாடு அந்தக் கல்நகரத்தின் பெயரையே தன் பெயராக வைத்துக்கொண்டது. சுண்ணாம்போ சாந்தோ இல்லாமல் கல்மேல் கல் அடுக்கி 11 மீட்டர் உயரமும் 250 மீட்டர் சுற்றளவும் கொண்ட மதிலை எழுப்பியவர்கள் ஷோனா மக்களின் முன்னோர்.

"திராவிடர்" என்ற மூன்றாவது கருத்து, ஆப்பிரிக்கத் தங்கத்தைத் தோண்டியவர்கள் இந்தியர் என்று 1981-இல் வெளிவந்த ஒரு நூல் சொன்னதிலிருந்து வருகிறது. வாட்ஸ்அப்பில் குமரிக்கண்டத்தோடு சேர்த்து அது சுற்றிக்கொண்டே இருக்கிறது. தொல்லியலாளர்கள் ஏற்காத கருத்து அது. கீழடியை வேறு யாரோ கட்டினார்கள் என்று யாராவது எழுதினால் நமக்கு எப்படி வலிக்கும்? ஷோனாக்காரருக்கும் அதே வலிதான். அந்தப் பத்தியைப் பேனாவால் அடித்துவிட்டே மாணவரிடம் கையேட்டைக் கொடுங்கள்.

இப்போது மூன்றாம் தாள். "இடப்பெயர்வுகள்". இதைத்தான் மாற்றச் சொல்கிறேன்.

மேல் மூலையில் 1:4,00,00,000 அளவில் ஒரு சிறு ஆப்பிரிக்கா. அதில் கேமரூனிலிருந்து லிம்போபோ வரை ஒரே சிவப்பு அம்பு, பக்கத்தில் "பாண்டு படையெடுப்பு". அம்பின் தடிமன் 8 மி.மீ., அதாவது தரையில் 320 கி.மீ. அகலப் படை ஒன்று நேராக நடந்துவந்த மாதிரி. உண்மையில் இது 3,000 ஆண்டுகளுக்கு மேல் இழுத்த விஷயம். நைஜீரியா–கேமரூன் எல்லையில் சுமார் 5,000 முதல் 4,000 ஆண்டுகளுக்கு முன் தொடக்கம். காங்கோ மழைக்காட்டில் இடைவெளி திறந்தபோது மெல்ல இறங்கி, பெரும் ஏரிகள் பக்கம் ஒரு கிளை, மேற்கே அங்கோலா பக்கம் இன்னொன்று, பிறகு தெற்கே. ஒவ்வொரு தலைமுறையும் ஒன்றிரண்டு நாள் நடைத் தொலைவு புதுக் கொல்லைக்கு நகர்ந்தாலே கணக்கு வந்துவிடும். படை எதுவும் தேவையில்லை.

போன பாதை எது என்பதிலேயே பல பத்தாண்டுகள் சண்டை. மொழியியலாளர்களில் ஜோசஃப் கிரீன்பர்க் தாய்நிலம் கேமரூன் எல்லை என்றார், மால்கம் கத்ரி காங்கோவின் தென்கிழக்கில் உள்ள கடாங்காப் பக்கம் என்றார். பெரும்பாலோர் இப்போது கிரீன்பர்க் பக்கம். காட்டுக்கு வடக்காகச் சுற்றிப் போனார்களா, காட்டுக்குள் புகுந்து பிறகு பிரிந்தார்களா என்பதில் மொழி ஆய்வும் மரபணு ஆய்வும் இரண்டாவதையே அதிகம் ஆதரிக்கின்றன. கேமரூனின் ஷும் லாக்கா குகையில் 8,000, 3,000 ஆண்டுக்கு முந்தைய குழந்தைகளின் மரபணுவை 2020-இல் வெளியிட்டார்கள். பாண்டு தாய்நிலம் என்று எல்லோரும் விரல் வைக்கும் இடம் அது. ஆனால் அந்தக் குழந்தைகள் இன்றைய பாண்டு மொழியினரின் முன்னோர் வழியில் வரவில்லை, மத்திய ஆப்பிரிக்க வேடர் மக்களுக்கு நெருக்கம். காங்கோ காட்டிலோ கி.பி. 400 முதல் 600 வரை குடியிருப்புகளின் எண்ணிக்கை சரிந்துபோய், பின்னர் வேறு அலை வந்திருக்கிறது. அதாவது இன்று அங்கே பேசப்படும் மொழி முதலில் வந்தவர்களுடையதாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. இத்தனையையும் ஓர் அம்பு விழுங்கிவிடுகிறது.

அடுத்த பிழை இன்னும் மோசம். அடித்தாளின் மேல் லிம்போபோவைத் தாண்டி தெற்கே வரும் கறுப்பு அம்புக்கு "16–17-ஆம் நூற்றாண்டு" என்றும், கேப்பிலிருந்து (கேப் டவுன் பக்கமிருந்து) கிழக்கே போகும் வெள்ளை அம்புக்கு "1652" என்றும் போட்டிருக்கிறார்கள். இரண்டும் ஒரே நேரத்தில் வந்து நடுவில் மோதுவதுபோல. 19-ஆம் நூற்றாண்டின் கேப் வரலாற்றாசிரியர் ஜார்ஜ் மக்கால் தீல் பரப்பிய கதை இதுதான். இருவரும் வந்தேறிகள் என்றால் யாருக்கும் முன்னுரிமை இல்லை அல்லவா? 1913-ஆம் ஆண்டு நிலச் சட்டம் கறுப்பர்களுக்கு ஒதுக்கியது நாட்டில் சுமார் 7 சதவீதம். 1936-இல் அதைச் சுமார் 13 ஆக்கினார்கள். கறுப்பர்களை ஒதுக்கிவைக்கப் பிறகு உருவாக்கிய "தாயகங்கள்" எல்லாம் இந்த அம்பின் நிழலில் எழுந்தவை. அதே பதிப்பகத்தின் இரண்டாம் தாளில் ம்சொன்ஜானிப் புள்ளி கி.பி. 3–5 என்று சொல்கிறதே! இரண்டு தாளையும் ஒன்றன்மேல் ஒன்று போட்டால் ஒன்றை ஒன்று மறுக்கிறது. எழுத்துச் சான்றும் உண்டு. 1552-இல் சாவோ ஜோவாவ், 1554-இல் சாவோ பெந்தோ என்ற போர்த்துகீசியக் கப்பல்கள் தென்கிழக்குக் கரையில் உடைந்தன. பிழைத்து நடந்தவர்கள் வழியில் தானியம் விளைவித்து மாடு வளர்த்த ஊர்களைக் கண்டதாக எழுதி வைத்திருக்கிறார்கள், டச்சுக்காரர் வருவதற்கு 100 ஆண்டுகள் முன்பே.

ங்குனி, சோத்தோ–ட்ஸ்வானா மக்களின் முன்னோர் 11 முதல் 14-ஆம் நூற்றாண்டுக்குள் வடக்கிலிருந்து புதிதாக வந்தார்களா, ஏற்கெனவே இருந்தவர்களிடமிருந்து உருவானார்களா என்பது இன்னும் தீராத வழக்கு. பானையின் வடிவமும் கோடும் சட்டென மாறுவதை ஒரு தரப்பு ஆள் மாறியதன் அடையாளமாகப் பார்க்கிறது, மறுதரப்பு அப்படிப் பார்க்க முடியாது என்கிறது. கறுப்பு-சிவப்புப் பானை குஜராத்திலும் கிடைக்கிறது, ஆதிச்சநல்லூரிலும் கிடைக்கிறது, அதனால் இரண்டும் ஒரே மக்கள் என்று நாம் சொல்வதில்லையே. என் சாய்வு இரண்டாம் தரப்பின் பக்கம். இங்கே அம்பு போடவே கூடாது, கேள்விக்குறிதான் போட வேண்டும்.

ம்ஃபெக்கானே எனப்படும் 1810-கள் முதல் 1830-கள் வரையிலான கலக்கத்துக்கு, ஜூலு நாட்டிலிருந்து நாலா பக்கமும் தெறிக்கும் நட்சத்திர வடிவம் போட்டு, நடுவில் ஜூலு அரசர் ஷாக்காவின் படம். எல்லாவற்றுக்கும் ஒரே ஆள் காரணம் என்ற படம் இது. 1988-இல் வரலாற்றாசிரியர் ஜூலியன் காபிங் இதை உடைத்தார். டெலகோவா விரிகுடா (இன்றைய மாபுட்டோ) அடிமை வியாபாரமும் கேப் பக்கத்திலிருந்து வந்த ஆள்பிடிப்பும்தான் மூலகாரணம், ஷாக்கா மேல் பழியைப் போட்டது வெள்ளையருக்கு வசதியாக இருந்தது என்றார். அவர் சொன்ன தேதிகள் சிலவற்றைப் பிறகு வந்தவர்கள் மறுத்தார்கள். ஆனால் பழைய ஒற்றைக் காரணத்துக்கு யாரும் திரும்பிப் போகவில்லை. வறட்சி, தந்த வியாபாரப் போட்டி, மேய்ச்சல் நிலம், அடிமை வியாபாரம் எல்லாம் சேர்ந்தே பேசப்படுகின்றன. கையேடு தரும் "20 லட்சம் பேர் இறந்தனர்" என்ற எண்ணுக்குப் பின்னால் எந்தக் கணக்கெடுப்பும் இல்லை.

வடக்கே போன அம்பும் பாதியில் நின்றுவிடுகிறது. அந்தக் கலக்கத்தில் வடக்கே நகர்ந்த ங்கோனி மக்கள், தலைவர் ஸ்வாங்கெண்டாபாவின் கீழ் ஜாம்பேசியைக் கடந்தது 1835 நவம்பர் 20. அன்று சூரிய கிரகணம் பிடித்தது வாய்மொழியில் நின்றதால் நாளே தெரிகிறது. அங்கிருந்து இன்றைய மலாவி, தான்சானியா வரை போனார்கள். தெற்கே வந்தவர்களைப் பற்றி மட்டும் பேசும் வரைபடங்கள் இப்படி எதிர்த்திசையில் போனவர்களை விட்டுவிடுவது வழக்கம்.

நான்காம் தாள், கடல்வழி வந்தவர்கள். பெரும்பாலும் சரி, ஒரு திருத்தம் மட்டும். இந்தியர் வருகைக்கு 1860 என்று மட்டும் இருக்கிறது. சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ கப்பல் 342 பேரோடு 1860 நவம்பர் 16 அன்று டர்பனை அடைந்தது உண்மை. 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள் 1,52,184 பேர். ஆனால் அதற்கு இருநூறு ஆண்டுகள் முன்பிருந்தே டச்சுக் கம்பெனி மனிதர்களைப் பிடித்து கேப்புக்குக் கொண்டுபோனது. 1652-லிருந்து 1808 வரை அங்கே இறக்கப்பட்ட சுமார் 63,000 அடிமைகளில் கால்வாசிப் பேர் இந்தியத் துணைக்கண்டத்தவர். கம்பெனிக்குப் பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் கோட்டை இருந்தது. "கொரமண்டல்" என்பதையே கேப் பதிவேடுகளில் பலருக்குப் பெயரின் வாலாக ஒட்டியிருக்கிறார்கள். இன்றைய கேப் மக்களின் இரத்தத்தில் அவர்கள் இருக்கிறார்கள். சோழமண்டலக் கரையிலிருந்து கேப்புக்கு ஒரு கோடு நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

கையேட்டின் மரபணுப் பக்கத்தில் "சான் மக்களே உலகின் ஆதிமனிதர்" என்று தலைப்பு. பல்லிட்டோ விரிகுடாவில் கிடைத்த, சுமார் 2,000 ஆண்டுக்கு முந்தைய சிறுவனின் மரபணுவை 2017-இல் வெளியிட்டதிலிருந்து எடுத்தது. அந்த ஆய்வு சொன்னது, அவன் வழிமரபும் மற்ற மனிதர்களின் வழிமரபும் 3,50,000 முதல் 2,60,000 ஆண்டுகளுக்கு முன் பிரிந்தன என்று. ஒரு மரக்கிளை பிரிந்தால் இரண்டு கிளைக்கும் வயது ஒன்றுதான். சான் மக்கள் நம்மைவிடப் பழையவர்களும் இல்லை, அப்படியே உறைந்து நின்றவர்களும் இல்லை. அதே பக்கத்தில் சேர்த்திருக்க வேண்டியது கோய்கோய் மேய்ப்பர்களின் கதை. நமக்வாலாந்தின் ஸ்புக்ரிவியர் குகையில் சுமார் 2,100 ஆண்டுப் பழமையான செம்மறியாட்டு எலும்பு கிடைத்திருக்கிறது. பால் செரிக்க உதவும் கிழக்கு ஆப்பிரிக்க மரபணு மாற்றம் கோய்கோய் வழியினரான இன்றைய நாமா மக்களிடம் இருக்கிறது. ஆடு மட்டும் கைமாறி வரவில்லை, மேய்த்தவர்களில் சிலரும் வந்து உள்ளூர் மக்களோடு கலந்தார்கள் என்பது இதனால் தெரிகிறது.

மூன்றாம் தாளுக்கு மாற்றுச் செய்ய ஒரு மாலை போதும். சாவ்ரி பஜாரில் 100 மைக்ரான் தெளிவான பாலியெஸ்டர் தாள் வாங்கி 70 × 50-க்கு வெட்டிக்கொள்ளுங்கள். அதைவிட மெல்லியது கூலர் ஈரத்தில் சுருண்டுவிடும். முதலில் அகுல்ஹாஸ், ஜாம்பேசி குறிகள். பிறகு சி.டி. மார்க்கரால் நீலத்தில் பானை கிடைத்த இடங்கள், பச்சையில் ஆடுமாட்டு எலும்பு, கறுப்பில் மொழி, சிவப்பில் மரபணு. நான்கையும் ஒரே கோட்டில் சேர்க்க வேண்டாம், நான்கும் வேறு வேறு வேகத்தில் நகர்ந்தவை. உறுதியானதற்கு முழுக்கோடு, வழக்கில் இருப்பதற்குப் புள்ளிக்கோடு, ஒவ்வொன்றின் அருகிலும் ஆண்டு வரம்பு. முதலில் ஒயிட்போர்டு மார்க்கரில் வரைந்து பார்த்து, பிறகு சி.டி. மார்க்கரில் போடுங்கள். தப்பானால் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைக்கலாம். அச்சிட்ட தாள்கள் மேல் மட்டும் ஸ்பிரிட் படக்கூடாது, மையும் சேர்ந்து வந்துவிடும்.

அடித்தாளின் லேமினேஷன் டியூப்லைட்டில் பளபளக்கிறது, ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில் மாட்டாமல் பக்கச்சுவரில் மாட்டினால் படிக்க முடியும். கடையில் கேட்டால் மூன்றாம் தாள் இல்லாமல் 1,200 ரூபாய்க்குத் தருகிறார்கள், விலைப்பட்டியலில் அது இல்லை. குழாயைத் திறந்து இரண்டாம் தாளின் துளைகளைக் கடையிலேயே பொருத்திப் பார்த்து வாங்குங்கள்.